மட்சுமோட்டோவின் பழைய கைச்சி பள்ளி: போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குப் போகிறவர்கள் கோயில், கோட்டை, ஃபூஜி மலை என்று பட்டியல் போடுவார்கள். அதில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தையும் சேருங்கள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாகானோ மாகாணத்து மட்சுமோட்டோ நகரில் 1876-ல் கட்டிய கைச்சி பள்ளிக்கு 2019-ல் ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷம் என்ற தகுதியைக் கொடுத்தது. நவீன காலத்துப் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதே ஊரின் கறுப்புக் கோட்டையும் தேசியப் பொக்கிஷம்தான். கூட்டமெல்லாம் கோட்டைக்குப் போய்விடுவதால், பத்து நிமிட நடையில் இருக்கும் பள்ளியை நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மேற்கத்திய பாணிக் கட்டடம்' என்ற சொல்லை நம்பி, ஐரோப்பாவில் பார்த்த மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது ஒரு தச்சரின் கையை. மேற்கு நாட்டுக் கட்டடக் கலையைப் படிக்காத ஒரு ஊர்த் தலைமைத் தச்சர், கண்ணால் பார்த்ததை நினைவிலும் குறிப்பேட்டிலும் ஏற்றிக்கொண்டு வந்து, தனக்குத் தெரிந்த மரவேலையில் அதைச் செய்து காட்டியிருக்கிறார். எந்த இடத்தில் மேற்கு முடிந்து ஜப்பான் தொடங்குகிறது என்று தேடுவதுதான் இந்தப் பயணத்தின் ருசி. இந்த வழிகாட்டியும் அந்தத் தேடலுக்கு ஏற்றபடிதான்.

படி 1: கிளம்பும் முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரியாமல் போனால் அழகான வெள்ளைக் கட்டடம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அதனால் ரயிலில் உட்கார்ந்தாவது இதைப் படித்துவிடுங்கள்.

1868-ல் மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தது. நான்கே ஆண்டுகளில், 1872-ல், நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வந்துவிட்டது. எந்த ஊரிலும் படிக்காத வீடு இருக்கக் கூடாது, எந்த வீட்டிலும் படிக்காத ஆள் இருக்கக் கூடாது என்பது அதன் அறிவிப்பு. சொல்வது எளிது. பணம் யார் கொடுப்பது? பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிச் செலவும் கட்டணமும் பல இடங்களில் எதிர்ப்பைக் கிளப்பின.

மட்சுமோட்டோ அப்போது சிக்குமா என்ற மாகாணத்தின் தலைநகர். அந்த மாகாணம் இப்போது இல்லை, 1876-லேயே பிரித்துவிட்டார்கள். அதை நிர்வகித்த நாகயாமா மொரிடேருவுக்குக் கல்வி என்றால் உயிர். ஊர் ஊராகப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பேசியவர். 1873-ல் மட்சுமோட்டோவில் பள்ளி தொடங்கியபோது தனிக் கட்டடம் இல்லை. ஜென்க்யூயின் என்ற புத்தர் கோயில் மூடப்பட்டுக் கிடந்தது. அதில்தான் வகுப்புகள் நடந்தன. அந்தக் கோயில் மட்சுமோட்டோவை ஆண்ட டோடா குடும்பத்தின் குலக் கோயில். மெய்ஜி காலத் தொடக்கத்தில் புத்த மதத்துக்கு எதிராக எழுந்த அலை மட்சுமோட்டோவில் மிகக் கடுமையாக அடித்தது. பல கோயில்கள் இழுத்து மூடப்பட்டன, அவற்றில் இதுவும் ஒன்று.

பிறகுதான் புதுக் கட்டடம். வேலை டட்டேஷி செய்ஜூவின் கைக்கு வந்தது. 1829-ல் பிறந்தவர், மட்சுமோட்டோவின் தலைமைத் தச்சர். டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போய், வெளிநாட்டார் வந்த பிறகு எழும்பியிருந்த புதுக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து, வரைந்துகொண்டு வந்தார். ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: ஜப்பானிலேயே கட்டடக் கலைப் படிப்பு முடித்து முதல் நான்கு பேர் வெளியே வந்தது 1879-ல். கைச்சி பள்ளி 1876 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதாவது இந்த வேலையைச் செய்யப் படித்த ஆள் என்று உள்நாட்டில் யாரும் தயாராகாத காலம். தச்சர்களை விட்டால் ஆள் இல்லை.

செலவு சுமார் 11,000 யென். அந்தக் காலத்தில் அது மலை மாதிரிப் பணம். அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை ஊர் மக்களே நன்கொடையாகப் போட்டார்கள். வாசலில் நின்று முகப்பைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு ஆடம்பரம் ஏன் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. கைக்காசு போட்டவர்களுக்கு, போட்ட காசு கண்ணில் தெரிய வேண்டுமே.

படி 2: நாளும் நேரமும்

மட்சுமோட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கோடையில் இதமாக இருக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரவு உறைநிலைக்குக் கீழே போய்விடும். செர்ரி பூப்பது டோக்கியோவைவிடத் தாமதம், பெரும்பாலும் ஏப்ரல் நடுவில். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறையையும், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பள்ளியில் கூட்டம் தாங்கும். ரயிலிலும் விடுதியிலும்தான் இடம் கிடைக்காது.

நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்துவதற்காகக் கட்டடத்தை 2021 ஜூனில் மூடி, 2024 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்புகளில் உள்ள கட்டணத்தையும் விடுமுறை நாளையும் அப்படியே நம்பிப் போகாதீர்கள். முதல் நாள் இரவு அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். ஆண்டு இறுதியிலும் புத்தாண்டிலும் ஜப்பானில் இத்தகைய இடங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கோட்டை முதலா, பள்ளி முதலா? கோட்டை காலை 8:30-க்கே திறந்துவிடுகிறது, நேரம் ஆக ஆக வரிசை நீளும். உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்து. கால் களைத்த பிறகு ஏறுவது நல்லதில்லை. அதனால் விடிந்ததும் கோட்டை, அதை முடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கு. பள்ளிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பாதிரியார் வீட்டுக்கு இன்னொரு அரை மணி.

படி 3: போய்ச் சேர்வது

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து அசுசா விரைவு ரயில் நேராக மட்சுமோட்டோ போகிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அல்லது சற்றுக் கூட. எல்லா இருக்கைகளும் முன்பதிவு முறையில் இருப்பதால் ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்குச் சுற்றும் சீட்டு) வைத்திருந்தாலும் இருக்கையைப் பதிந்துகொண்டு ஏறுங்கள். நகோயாவிலிருந்து ஷினானோ ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிசோ பள்ளத்தாக்கு வழியாகப் போகும் அந்தப் பாதையில் தூங்கிவிடாதீர்கள். காசை மிச்சம் பிடிக்க ஷின்ஜுகுவிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒரே நாளில் டோக்கியோவிலிருந்து வந்து திரும்ப முடியும். ஆனால் கோட்டையையும் பள்ளியையும் அவசரமில்லாமல் பார்க்க ஒரு இரவு தங்குவதே மேல்.

நிலையத்திலிருந்து பள்ளி வரை நடந்தால் இருபத்தைந்து நிமிடம், வழியில் கோட்டை வரும். நடக்க முடியாதவர்களுக்கு நகரைச் சுற்றி வரும் டவுன் ஸ்னீக்கர் பேருந்தின் வடக்குத் தடம் பள்ளிக்கு அருகிலேயே நிற்கும். வழி கேட்கும்போது 'க்யூ-கைச்சி கக்கோ' என்று கேளுங்கள். முன்னால் இருக்கும் 'க்யூ' என்றால் 'பழைய' என்று பொருள். அதை விட்டுவிட்டால் பக்கத்திலேயே இன்றும் நடக்கும் கைச்சி தொடக்கப் பள்ளிக்கு உங்களை அனுப்பிவிடுவார்கள். அங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். மைதானத்தில் விளையாடும் குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்; ஜப்பானில் அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 4: உள்ளே போக அவசரப்படாதீர்கள், முகப்புக்கு முன் அரை மணி

இந்தக் கட்டடத்தில் பார்க்கத் தக்கதில் பாதிக்கு மேல் வெளியேதான் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பிடித்து நிறுத்தத் தோன்றும்.

முதலில் தூரத்தில், வாசலுக்கு நேர் எதிரே நில்லுங்கள். இரண்டு மாடி. வெள்ளைச் சுவர். மூலைகளில் சாம்பல் நிறக் கல் அடுக்கியது மாதிரி தெரியும். வரிசையாகக் கண்ணாடிச் சன்னல்கள். கூரையின் நடுவில் எட்டுப் பட்டைக் கோபுரம். இந்தத் தூரத்தில் மேற்கத்தியக் கட்டடம் என்றே நம்பிவிடலாம்.

இப்போது சுவர் மூலைக்கு நெருங்கிப் போங்கள். கல் இல்லை. சுண்ணாம்புக் காரையைத்தான் சாம்பல் நிறத்தில் கல் மாதிரி காட்டியிருக்கிறார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய இணைப்புக் கோட்டைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். யோகோஹாமாவில் பார்த்த கட்டடங்களின் மூலையில் கல் இருந்தது. அங்கே அது சுவருக்குப் பலம். இங்கே சுவருக்குள் நிற்பது மரச் சட்டம், பாரத்தைத் தாங்குவதெல்லாம் மரத் தூண்களும் உத்தரங்களும்தான். மூலைக் கல்லுக்கு எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் அது இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குக் கட்டடம் புதிதாகத் தோன்றாது என்று தச்சருக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் போலி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரை பூசுவது ஜப்பானியக் கைவினைஞர்கள் கோட்டைகளிலும் கிடங்குகளிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்து தேர்ந்த வேலை. தெரிந்த வித்தையில் புதுப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள்.

கூரையைப் பாருங்கள். ஓடு சாதாரண ஜப்பானிய ஓடு. அதில் மட்டும் எந்த வேஷமும் இல்லை.

அடுத்து வாசல் முகப்பு. இதற்குத் தனியாக நேரம் கொடுங்கள், கீழிருந்து மேலாகப் பாருங்கள். வாசலுக்கு மேலே ஒரு டிராகன் செதுக்கல். புத்தர் கோயில் வாசலில் இருக்க வேண்டியது, பள்ளி வாசலுக்கு வந்திருக்கிறது. அதற்கு மேலே மாடி முற்றம், அதன் கைப்பிடிச் சுவரில் சுருள் சுருளாக மேகங்கள். இதுவும் கோயில் மரவேலைக்காரர்களின் பழைய சரக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் உயர்ந்து இருபுறமும் வளைந்து இறங்கும் கூரை முகடு. கோயில்களிலும் பிரபுக்களின் வாசல்களிலும் வைப்பார்கள். அந்த முகட்டின் அடியில், இறக்கை முளைத்த இரண்டு கொழுகொழுக் குழந்தைகள் பள்ளியின் பெயர்ப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்தக் குழந்தைகள் எங்கிருந்து வந்தன? ஐரோப்பியத் தேவாலயத்திலிருந்து இல்லை. அந்தக் காலத்தில் டோக்கியோ நிச்சிநிச்சி செய்தித்தாளின் பெயரில் வெளிவந்த வண்ண அச்சுப் படங்களின் தலைப்பில் இப்படிப்பட்ட தேவதைக் குழந்தைகள் பெயரைத் தாங்கி நிற்கும். அதைப் பார்த்துத்தான் செதுக்கியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தச்சருக்கு அது கிறித்தவச் சின்னமாகத் தெரிந்திருக்காது. 1873 வரை நாட்டில் கிறித்தவத்துக்குத் தடை இருந்தது. அவருக்கு அது தலைநகரின் புத்தம் புதுச் சங்கதி, அவ்வளவுதான். டிராகனும் மேகமும் தேவதையும் ஒரே நேர்க்கோட்டில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் குழந்தைகளின் முகம் தெரியும். முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரத்தைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், மேலே பார்வையாளர்களை விடுவதில்லை. கட்டடம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல் என்பதே அன்று பெரிய செய்தி. மற்ற வீடுகளில் காகிதம் ஒட்டிய சட்டங்கள்தான். கண்ணாடிப் பள்ளி என்றே ஊரில் இதற்குப் பட்டப் பெயர் விழுந்தது.

படி 5: உள்ளே

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இத்தகைய பழைய மரக் கட்டடங்களில் நடக்க விடுவார்கள். நமக்கு இது புதிதில்லை. ஆனால் குளிர்காலத்தில் மரத் தரை எலும்பைத் தொடும். கெட்டியான காலுறை இல்லாமல் போகாதீர்கள். கிழியாத காலுறையாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைந்ததும் நீண்ட நடைபாதை, இருபுறமும் வகுப்பறைகள். இந்த அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் நடைபாதை வைத்தால் அது இருட்டாகிவிடும், ஒரு பக்கத்து அறைகளுக்கு வெயிலும் குறையும். பின்னாளில் ஜப்பானியப் பள்ளிகள் இதைக் கைவிட்டன. வடக்கில் நடைபாதை, தெற்கில் வெயில் படும் வகுப்பறைகள் என்று ஒரே வரிசையில் கட்டும் முறைக்கு வந்துவிட்டார்கள். ஜப்பானியப் படங்களில் நாம் பார்க்கும் பள்ளிகளெல்லாம் அப்படித்தான் இருக்கும். கைச்சியில் இருப்பது அந்த முடிவுக்கு வருவதற்கு முந்தைய நிலை. நடைபாதையில் நின்று இருபுறமும் உள்ள அறைகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டாலே ஏன் மாற்றினார்கள் என்று புரிந்துவிடும்.

தூண்களையும் கதவுகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூடப்பட்ட கோயில்களிலிருந்து பிரித்தெடுத்த பழைய மரத்தை இந்தக் கட்டடத்தில் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேற்கத்தியக் கட்டடத்துக்குள் உருண்டைத் தூணோ, கோயில் கதவுச் செதுக்கலோ கண்ணில் பட்டால் அது ஒரு புத்தர் கோயிலின் மிச்சமாக இருக்கலாம். ஆட்சி ஒரு பக்கம் கோயிலை மூடியது, ஊர் மறுபக்கம் அதே மரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியது. சிக்கனமா, மரத்தின் மேல் தச்சருக்கு இருந்த மரியாதையா என்று யோசித்துக்கொண்டே நடக்கலாம். இரண்டுமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

சன்னல் கண்ணாடிகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இயந்திரத்தில் வார்க்காத பழைய கண்ணாடி எங்கே இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தலையை லேசாக அசைத்தால் வெளியே இருக்கும் மரக்கிளை நெளியும். புதிதாக மாற்றிய கண்ணாடியில் கிளை அசையாமல் நிற்கும்.

காட்சி அறைகளில் பாடப் புத்தகங்கள், மேசைகள், சுவரில் மாட்டிப் பாடம் நடத்திய படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஜப்பானியம் தெரியாவிட்டாலும் மேசைகளின் உயரத்தைப் பாருங்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து படித்த பிள்ளைகள் முதல் தடவையாக நாற்காலியில் ஏறிய காலம் அது. இந்தப் பள்ளி செய்த சில காரியங்கள் ஜப்பானியக் கல்வி வரலாற்றில் முக்கியமானவை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று 1890-லேயே தனி வகுப்பு நடத்தினார்கள். அதே பத்தாண்டில், பிறர் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வளர்க்கும் வேலைக்குப் போன ஏழைச் சிறுமிகளுக்கும் வகுப்பு வைத்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்க வந்தவர்கள் அவர்கள். காட்சிப் பொருள்களில் எதையாவது ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றால், இவர்களைப் பற்றியதைத் தேடுங்கள். முகப்பின் ஆடம்பரத்தைவிட இது பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

மாடியில் பெரிய கூடம். விழாக்களும் கூட்டங்களும் நடந்த இடம். 1880-ல் மெய்ஜி பேரரசரும் இந்தப் பள்ளிக்கு வந்து போயிருக்கிறார். மாடிக்குப் படி ஏறிப் போக வேண்டும், பழைய காலத்துப் படி. முட்டி வலி உள்ளவர்கள் வரவேற்பறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். எடுக்கக் கூடாத இடங்களில் பலகை வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. நீங்கள் நிற்பது பள்ளி முதலில் கட்டப்பட்ட இடம் இல்லை. மெட்டோபா ஆற்றங்கரையில், நகரின் நடுவில்தான் அது இருந்தது. 1963 வரை, ஏறக்குறைய 90 ஆண்டுகள், பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பிறகு ஆற்றைச் சீரமைக்கும் வேலைக்காகக் கட்டடத்தைப் பிரித்து இங்கே கொண்டுவந்து மறுபடி கூட்டினார்கள். 1965-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மரச் சட்டக் கட்டடம் என்பதால்தான் இது முடிந்தது. உண்மையிலேயே கல்லில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

படி 6: பக்கத்து வீட்டை விட்டுவிடாதீர்கள்

பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு இரண்டு மாடி மர வீடு நிற்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1889-ல் கட்டியது. 1991-ல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பலர் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பள்ளியைப் பார்த்த கையோடு இதையும் பார்ப்பது அவசியம் என்பேன். ஏனென்றால் இது மேற்கத்தியர் ஒருவர் தான் குடியிருக்கக் கட்டிக்கொண்ட வீடு. பலகையைப் பட்டை பட்டையாக அடித்த வெளிச்சுவர், குளிர் காயும் அடுப்பு, சன்னலோடு கூடிய தாழ்வாரம் எல்லாம் அளவாக, அடக்கமாக இருக்கும். டிராகன் கிடையாது, தேவதையும் கிடையாது.

இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மேற்கத்தியர் கட்டிய வீடு சாதுவாக இருக்கிறது. மேற்கத்தியக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு ஊர்த் தச்சர் கட்டிய பள்ளி கொண்டாட்டமாக இருக்கிறது. பதிமூன்று ஆண்டு இடைவெளியில், ஒரே ஊரில் எழும்பியவை.

படி 7: மீதி நேரமும் வயிறும்

திரும்பும் வழியில் மெட்டோபா ஆற்றை ஒட்டிய நவாட்டே தெருவுக்கும், ஆற்றைத் தாண்டி நாக்கமாச்சி தெருவுக்கும் போங்கள். நாக்கமாச்சியில் வெள்ளையும் கறுப்புமாகச் சுவர் வைத்த கிடங்குக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். 1888-ல் ஊரில் பெரும் தீ விபத்து நடந்த பிறகு, தீப்பிடிக்காதபடி காரைச் சுவர் வைத்துக் கட்டியவை. பள்ளியின் மூலைக் கல்லைச் செய்த அதே கைவினையை இங்கே அதன் சொந்த உருவில் பார்க்கலாம். நகரில் அங்கங்கே ஊற்று நீர் கிணறுகள் உண்டு; கென்ச்சி கிணறு பெயர் பெற்றது. தண்ணீர் பாட்டிலைக் காலியாக எடுத்துப் போனால் போதும்.

சாப்பாட்டுக்கு ஊரின் பெருமை சோபா, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸ். சைவக்காரர்கள் உஷார்: நூடுல்ஸில் ஒன்றும் இல்லை, தொட்டுக்கொள்ளும் குழம்பு கருவாட்டுத் தண்ணீரில் செய்தது. காய்கறி மட்டும் போட்டது என்று படம் காட்டினாலும் குழம்பு அதுதான். காய்கறி உள்ளே வைத்துச் சுட்ட ஒயாக்கி உருண்டை பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள்; பூரணத்திலும் அந்தத் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கண்டிப்பான சைவமாக இருந்தால் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை: பூண்டும் சோயாவும் ஊறிய பெரிய கோழித் துண்டைப் பொரித்துத் தரும் சன்சோக்கு-யாக்கி இந்த ஊர்ச் சரக்கு.

மட்சுமோட்டோ உங்கள் வழியில் வராவிட்டால்

இதே காலத்துத் தச்சர்களின் பள்ளிகள் வேறு ஊர்களிலும் பிழைத்திருக்கின்றன. பயணத் திட்டத்துக்குப் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே நாகானோவில், சாக்கு நகரில் இருக்கும் பழைய நாகாகோமி பள்ளி 1875-ல் கட்டியது. கைச்சியைவிட ஒரு வயது மூப்பு. கட்டிய இச்சிக்காவா தைஜிரோ அமெரிக்காவுக்கே போய் வந்தவர். அதனாலோ என்னவோ, கட்டடத்தில் ஆர்ப்பாட்டம் குறைவு, வண்ணக் கண்ணாடி அழகு. எட்டுப் பட்டைக் கோபுரத்தில் முரசு வைத்து நேரம் அறிவித்தார்கள். அதன் விதானத்தில் உலக ஊர்களின் பெயர்களைத் திசை பார்த்து எழுதியிருக்கிறார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு உலகம் எந்தப் பக்கம் என்று காட்ட இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. ஹொகுரிகு ஷின்கான்சென் அதிவேக ரயில் வழியில் சாக்குதைராவில் இறங்கி கோமி தட ரயில் பிடித்து நமேசு நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கைச்சிக்கு அடுத்து என் தேர்வு இதுதான்.

டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவில் போகிறவர்களுக்கு இவாட்டா நகரின் பழைய மிட்சுகே பள்ளி, அதுவும் 1875. வடக்கே மியாகி மாகாணத்தில் டோயோமா பள்ளி, 1888. அது கைச்சிக்கு நேர் எதிர்: ஒரு பக்கம் திறந்த நடைபாதை, வெயிலும் காற்றும் தாராளம். முன்னே சொன்ன மாற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க இரண்டையும் பார்க்க வேண்டும். தெற்கே ஷிகோகு தீவில், எஹிமே மாகாணத்து உனோமாச்சி ஊரில் 1882-ல் கட்டிய கைமெய் பள்ளி இருக்கிறது. மட்சுயாமாவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். மெய்ஜி காலத்து மாணவர் உடை போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும் ஏற்பாடும் அங்கே உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

இசு தீபகற்பத்தில், மட்சுசாக்கி ஊரின் இவாஷினா பள்ளி 1880-ல் கட்டியது. காரையில் ஓவியமே தீட்டும் இரியே சோஹாச்சி என்ற கலைஞர் அந்த ஊர்க்காரர். மாடி அறை ஒன்றின் சுவர் மேல் வரிசையில் அவர் கைவண்ணத்தில் கொக்குக் கூட்டம் பறக்கிறது. காரை வேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஊருக்கு ரயில் கிடையாது. ஷிமோடா வரை ரயில், பிறகு பேருந்து. அதுவும் அடிக்கடி வராது. போய் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கொக்கைப் பார்க்கப் போங்கள்.